ஆப்ரிகாட் மரத்துக்காகப் பேசியவள்

...இத்தனை கூராகத் தீட்டியிருக்க வேண்டாம், சும்மா மிரட்டத்தானே, மொண்ணைக் கோடரியே போதாதா, ஆனால் புருஷன் ஷோதி காலையிலிருந்து சாணைக்கல்லை விடவில்லை, நாளைக்கு மறுபடி ரஷ்யாவுக்கு வேலைக்குப் பஸ் ஏறப்போகிறவனுக்கு இன்று கைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல... மவ்சுனா ஆப்ரிகாட் மரத்தை ஒட்டி நின்றாள், வேரடியில் பனி இன்னும் கரையவில்லை. காய்க்காத மரத்தை வீட்டு ஆண் வெட்ட வருவான், வீட்டுப் பெண் குறுக்கே விழுந்து தடுப்பாள், அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்காக வாக்குக் கொடுப்பாள், மரம் பயந்து பூத்துவிடும், இந்த இஸ்ஃபாரா ஊரில் எல்லாத் தோட்டத்திலும் நடப்பதுதான். ஆனால் அந்த வாக்கை அவள் எந்த வாயால் கொடுப்பாள்? அடுத்த பழம் பறிப்பதற்குள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையென்றால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று மாமியார் சாரோமோ ரொட்டி அடுக்கிக்கொண்டே சொல்லிவிட்டாள், கோபமாகக்கூடச் சொல்லவில்லை... இது மலட்டு மரமா என்ன? போன கோடையில் வாய்க்கால் வறண்டபோது அவள்தானே பக்கத்தில் இருந்தாள், முதலில் இலைகள் வெயிலில் சுருண்டுகொண்டன, இருக்கிற ஈரமாவது போகாமல் இருக்கட்டும் என்று, பிறகு பிஞ்சுகளை மரமே உதிர்த்துவிட்டது, அதுவும் பிழைக்க வேண்டுமே... அந்தப் பிஞ்சுகளைக் கூட்டி அள்ளிய அன்று ஷோதியிடம் போனில் சொல்ல நினைத்தாள், அவன் பக்கம் ஒரே இரைச்சல், சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான், சாப்பிட்டேன் என்றாள். வருஷத்தில் பத்து மாதம் அந்தக் குரல்தான் புருஷன். குரலோடு குடும்பம் நடத்தினால் பிள்ளை பிறக்குமா?

"வெட்டப்போறேன்," என்று ஷோதி கோடரியை ஓங்கினான். அவன் கண்ணில் சிரிப்பு. அவள் குறுக்கே வரவில்லை, மரத்தை ஒட்டியே நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு ஹாதிச்சா எட்டிப் பார்த்தாள். "மரத்துக்கே கேட்டிருக்கும் சாரோமோ, உன் மருமகளுக்குத்தான் கேக்கல."

"காய்க்கும்னு சொல்லேன் பொண்ணே, வாயா வலிக்குது?" என்றாள் பின்னால் நின்ற மாமியார்.

"வெட்டாதீங்க," என்றாள் மவ்சுனா. "அதுக்குத் தண்ணி இல்லாமப் போச்சு, அவ்வளவுதான். நீங்க இங்க இருந்தா காய்க்கும்."

அப்படிச் சொல்வது வழக்கமே இல்லை. ஹாதிச்சாவின் தலை வேலிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஷோதியின் சிரிப்பும் நின்றுபோனது, கோடரி தோளுயரத்தில் அப்படியே இருக்க, இறக்குவதா ஓங்குவதா என்று தெரியாதவன்போல அவளையே பார்த்தான், கோபமில்லை, வேறு என்ன அது... ஒவ்வொரு வருஷமும் பஸ்வரை மூட்டையைச் சுமந்துகொண்டு கூடவே போயிருக்கிறாள், வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள், போகாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான்... அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவனும் காத்திருந்தானா என்ன...