தொண்டையில் ஒரு கை

அவர் அதிகம் பேசாததற்குத் தொழில்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வார். கடிகாரம் பழுதுபார்ப்பவர். எள்ளைவிடச் சிறிய திருகாணியைச் சாமணத்தால் இடுக்கி எடுத்து வைக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டாலே அது பறந்துவிடும்; அப்புறம் தரையெல்லாம் காந்தத்தை வைத்துத் துழாவ வேண்டியதுதான். வருடக்கணக்காக மூச்சை அடக்கிப் பழகியதில் பேச்சும் அடங்கிப்போயிற்று.

அவருக்கும் சேர்த்து மனைவி பேசினாள். கடைக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கத்துச் சன்னலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் நடப்பதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். "சிவப்பு பஸ்ஸு வந்துச்சா, குடைக்கார மாமா ஓடினாரா, பஸ்ஸு நிக்கவே இல்ல. அப்பறம்? அப்பறம் என்னாச்சு தெரியுமா?"

"அப்பறமும் வேணாம், இப்பறமும் வேணாம். கொஞ்ச நேரம் சும்மா இரேன், கை நடுங்குது" என்பார் இவர், திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

"கேட்டியாடி குட்டிம்மா? ஊமைக்கோட்டான் வாயைத் தெறந்துடுச்சு. இன்னிக்கு மழைதான்!"

குழந்தை நடக்கத் தொடங்கி, நாலைந்து வார்த்தைகள் பேசத் தொடங்கியிருந்த சமயத்தில் மனைவி காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மகளுக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், தவறாமல் தடுப்பூசி. பகலில் தன் மேசைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்து, மரக்கட்டைகளைக் கொடுத்து உட்காரவைத்தார். திருகாணி எதையும் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாதென்று தினமும் தரையைக் காந்தத்தால் துழாவினார். அவளும் அடம் பிடிக்கவில்லை. "தங்கமான புள்ள, இருக்கிற இடமே தெரியல" என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னபோது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றுதான் புரியவில்லை. தூக்கும்போதெல்லாம் அவள் உள்ளங்கையை அவர் தொண்டையில் வைத்து அழுத்துவாள். தாகம் என்று தண்ணீர் கொடுப்பார். தட்டிவிடுவாள். பசியோ என்று பால் கொடுப்பார். அதையும் தட்டிவிடுவாள். நாளடைவில் கை வைப்பதையே விட்டுவிட்டாள். பழக்கம் மறந்துபோயிற்று என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார்.

வெகுநாள் கழித்து அக்கா வந்தாள்.

"என்னடா இது? காக்கா, பஸ்ஸுன்னு கத்திக்கிட்டிருந்த புள்ள. ஒரு வார்த்தையையும் காணோம்?"

"சமத்தா இருக்கா, அக்கா."

"சமத்தா? கடிகாரம்கூட ஓடினா சத்தம் போடுமேடா. இவ போடலியேன்னு உனக்கு உறைக்கலியா? அவகிட்ட யாரு பேசுறா?"

"நான்தான். சாப்பிடுன்னு சொல்லுவேன். தூங்குன்னு சொல்லுவேன்."

"அடேயப்பா, எவ்ளோ பெரிய பிரசங்கம்!"

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். பாதியில் குழந்தை மெல்ல எழுந்து, அத்தையின் தொண்டையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டது.

திட்டிக்கொண்டிருந்தவள் குரலைத் தணித்தாள். "அவ அம்மா பேசுறப்பவும் இப்படித்தான் வெச்சுக்குவா. உள்ள அதிர்றது புள்ளைக்குப் பிடிக்கும், கைய எடுக்கவே மாட்டான்னு உன் பொண்டாட்டி சொல்லுவாளே. ஏண்டா, உனக்குத் தெரியாது?"

தெரியாது. அவர் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தார்.

பேசு, பேசு என்று மகள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள். அத்தனை முறையும் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

அக்கா போன பிறகு, திறந்து கிடந்த கடிகாரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்குப் போனார். மனைவி என்னவெல்லாம் சொல்வாள் என்று யோசித்தார். எப்போது நிறுத்துவாள் என்று காத்திருந்தவரின் காதில் என்ன தங்கியிருக்கும்?

"பஸ்ஸு" என்றார். குரல் துருப்பிடித்திருந்தது. "சிவப்பு பஸ்ஸு. ஆளுங்க ஏர்றாங்க." மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

"பஸ்ஸு போயிடுச்சு" என்றார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

குழந்தை தெருவைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

"பறம்?" என்றது.

அவள் அம்மா கேட்கிற அதே இழுப்பு. கண்ணை நீர் மறைத்தது. தன்னையறியாமல் திரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் மேசை முன் நாற்காலி காலியாக இருந்தது. சும்மா இரு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

"அப்பறம்..." என்று ஆரம்பித்தார். மகளின் கை அவர் தொண்டைக்கு வரவில்லை. அவர் நிறுத்தவில்லை.