பிளாக்பஸ்டருக்கு ஒரு போட்டோ

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் அந்தச் சின்ன அரங்கில் நாடகம் முடிந்தபோது, பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இடைவேளையிலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். இயக்குநர் செல்லக்கண்ணு நடிகர்களையெல்லாம் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் காலி நாற்காலிகளில் உட்காரச் சொன்னார்.

"போட்டோவில கூட்டம் தெரியணும் லா. 'பிளாக்பஸ்டர்'னு போஸ்ட் போடணும்."

கதாநாயகியாக நடித்த நிரஞ்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன நாடகத்துக்கும் இதே கூத்துதான்.

"பிளாக்பஸ்டர்னா டிக்கெட் கிடைக்காம ஜனம் திரும்பிப் போகணும், அண்ணே. இங்க டிக்கெட் வாங்கினவங்களே திரும்பிப் போயிட்டாங்க!"

"எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க? வந்து உட்காரும்மா."

அவள் மேடையை விட்டு இறங்கவில்லை.

"அதான் இப்பக் கூட்டம் சேர்ந்திருச்சே! முதல் காட்சியிலேருந்து ஆரம்பிக்கிறேன். ஒருத்தரும் எழுந்து போகக்கூடாது. நீங்களும் உட்காருங்க, அண்ணே. இந்தத் தடவை இடைவேளை கிடையாது."