இடப்பக்கத்துச் சிவப்புக் கோடு

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்காவுக்குக் கைகால் ஓரளவு தேறிவிட்டது. கண்ணிலும் பழுதில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவள் மூளை மறந்திருந்தது. தலையில் வலப்பாதியை மட்டும் வாரிக்கொள்வாள்.

பயிற்சி கொடுக்க வந்த பெண் பூவும் பழமும் வரைந்த அட்டைகளை நீட்டினாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் வாத்தியாரம்மா. எனக்குக் கணக்குக் குடுங்க."

347ஐ 26ஆல் பெருக்கச் சொன்னாள் அந்தப் பெண். 2082, அதன் கீழே 6940, இரண்டும் சரி. கூட்டும்போது மட்டும் இடக்கோடியில் இருந்த இரண்டும் ஆறும் அவள் கண்ணில் படவேயில்லை; மீதி ஒன்றையும் அங்கே போடவில்லை. விடை: 022.

"முன்னூத்திச் சொச்சத்தைப் பெருக்கி இருபத்திரண்டா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. பக்கத்தைக் கையால் வரைவதில்லை. எது எங்கே வரவேண்டும் என்று ஒரு கணினி மொழியில் கட்டளை எழுதினால், அது அச்சுக்குத் தயாராகப் பக்கத்தைக் கோத்துத் தரும். அக்காவுக்கான கணக்குகளை அதிலேயே அமைக்க உட்கார்ந்தாள்.

முதலில் இடைவெளி விட்டு இலக்கங்களை நகர்த்திப் பார்த்தாள். கணக்கை மாற்றியதும் வரிசை கலைந்தது. அதை அழித்துவிட்டுக் கட்டம் கட்டினாள்: இலக்கத்துக்கு ஒரு கட்டம், ஒன்றுக்குக் கீழே ஒன்று, மீதி எண்ணுக்கு மேலே சின்ன இடம். கட்டங்களுக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு தடித்த சிவப்புக் கோடு.

"சிவப்புக் கோடு தெரியிற வரைக்கும் தேடு. அதுக்கப்புறம்தான் பேனாவை எடுக்கணும்."

"நான் என்ன மூணாங்கிளாஸ் பிள்ளையா?"

"மூணாங்கிளாஸ் பிள்ளைன்னா சொன்ன பேச்சு கேட்டிருக்கும்."

அக்கா முறைத்தாள். பிறகு விரலைத் தாளில் வைத்து இடப்பக்கமாக நகர்த்தினாள். விரல் நடுவிலேயே நின்றது, மறுபடி நகர்ந்தது. கழுத்து மெல்லத் திரும்பியது. கோட்டைத் தொட்டதும் பெருமூச்சு விட்டாள். அந்த ஒரு கணக்கை முடிக்கவே வியர்த்துவிட்டது.

நாள் போகப் போக விரல் வேண்டியிருக்கவில்லை, தலையே திரும்பியது. தங்கை கோட்டின் தடிமனைக் கட்டளையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். அப்படிக் குறைக்கும்போதெல்லாம் பிடித்திருந்த கையை விடுவது மாதிரி இருந்தது. விடாமலே இருந்தால் அக்கா இந்தக் கோடு இல்லாத உலகத்தில் எப்படி நடப்பாள் என்றும் தோன்றியது.

ஒரு காலையில் கோடு போடும் கட்டளை வரியையே நீக்கிவிட்டு, எதுவும் சொல்லாமல் தாளை நீட்டினாள்.

அக்கா பேனாவைத் திறந்தாள். தலை இடப்பக்கம் திரும்பி அங்கேயே நின்றது.

"கோடு எங்கடி?"

இல்லாத கோட்டைத் தேட வேண்டுமானால் இடப்பக்கம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

"இன்னிக்கு மை தீர்ந்துபோச்சு" என்றாள் தங்கை.

"பொய் சொல்லாதே" என்று அக்கா கணக்கில் இறங்கினாள். இடக்கோடி வரை ஒரு இலக்கமும் விடுபடவில்லை. ஆனாலும் விடை தப்பு.

"ஏழெட்டு அம்பத்திநாலுன்னு போட்டிருக்கே."

"அதுக்கும் தலைக்கும் சம்பந்தமில்ல" என்றாள் அக்கா. "எனக்கு எப்பவுமே ஏழாம் வாய்ப்பாடு தகராறு. இத்தனை வருஷம் பிள்ளைங்களையே சொல்லவச்சு ஓட்டிட்டேன்."