குடும்பத்தில் எத்தனை பேர்?

கடிதத்தைப் படித்ததும் வந்த கோபத்தில் கையிலிருந்த ரொட்டியைச் சுவரில் எறிந்திருப்பேன். இரண்டு வயது மகள் லூப்பே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் தின்றுவிட்டேன். 'உங்கள் குடும்ப வருமானம் வரம்பைத் தாண்டுவதால், குழந்தைக் காப்பகக் கட்டணத்துக்கு உதவித்தொகை வழங்க இயலாது.' என்ன வருமானம்? நான் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். என் கணவன் ஃபெலேதி கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை மறுபடி பஸ் ஓட்ட வரச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் குடியேறியிருக்கும் மாங்கேரேயிலிருந்து விமான நிலையம் போகும் என் பழைய வழித்தடமே! சீருடையை மூன்று முறை இஸ்திரி போட்டாகிவிட்டது. பித்தான் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது, பரவாயில்லை. எங்கள் தோங்காத் தீவுப் பாட்டெல்லாம் சொல்லித்தரும் காப்பகத்தில் லூப்பேக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். அன்று மதியம் மூன்று மணிக்குள் உறுதி சொல்லாவிட்டால் அது வேறு பிள்ளைக்குப் போய்விடும். உதவித்தொகை இல்லாமல் சேர்த்தால் என் சம்பளம் முழுக்கக் காப்பகத்துக்கே சரியாகிவிடும். வீட்டில் மற்ற ஆறு பேருக்கும் ஆறு ஷிப்ட். பிள்ளையைப் பார்க்க ஆள் ஏது?

"கெளம்புடி கலோ. நேர்ல போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்றார் செசீலியா அண்ணி.

அண்ணி ஃபெலேதியின் அக்கா. எங்கள் தோங்கா வழக்கத்தில் பிள்ளைக்கு அப்பனைவிட அப்பனின் அக்காதான் பெரியவள். லூப்பேக்குப் பெயர் வைத்தது அவர். பிறந்தநாள் கேக்கில் முதல் துண்டு அவருக்கு. அவர் எதிரில் ஃபெலேதியே குரலைத் தாழ்த்துவான், நான் எந்த மூலைக்கு?

உதவி அலுவலகத்தில் செராஃபினா என்ற சமோவாப் பெண் எங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் புரட்டினாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"குடும்பத்துல யார் யாருன்னு கேட்டதுக்கு எட்டுப் பேர் எழுதியிருக்கீங்களே?"

"எட்டுப் பேர்தானே இருக்கோம்!" என்றேன்.

"எல்லாரோட சம்பளத்தையும் கூட்டியிருக்கீங்க."

"எல்லாக் காசும் ஒரே டப்பாவுலதானம்மா விழுது? பிரிச்சு எழுதுனா அது பொய்யில்லையா?" என்று அண்ணி மேசையைத் தட்டினார்.

"எங்க வீட்டுல பதினோரு பேரு. எங்கம்மாவும் இப்படித்தான் எழுதுவாங்க. ஆனா இதுக்குப் புருஷன் பொண்டாட்டி சம்பளம் மட்டும் போதும்மா. மத்தவங்கள அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க, இப்பவே பாத்துச் சொல்லிடறேன்."

அடேயப்பா! இவ்வளவுதானா! எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஒன்றுவிட்ட தம்பியை அடித்தேன், அண்ணியின் இரண்டு மகன்களை அடித்தேன், அவர் கணவரையும் ஒரே கோட்டில் தீர்த்தேன். பிறகு முதல் வரிக்கு வந்தேன். என் பெயருக்கும் மேலே, பெரிய எழுத்தில், செசீலியா. பேனா நின்றுவிட்டது.

மணி இரண்டு இருபது. பிள்ளையின் அத்தையை, அவர் கண்ணெதிரே, குடும்பத்திலிருந்து அடிப்பதா? எங்களில் யாரும் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. பஸ் கைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனாலும் விரல் அசையவில்லை.

"என்னடி, மை தீந்துருச்சா?"

"இல்ல அண்ணி... வேணாம். வேலைய அப்புறம் பாத்துக்கலாம்."

அண்ணி என்னை முறைத்தார். பிறகு செராஃபினாவைப் பார்த்தார். "இதுல நான் இல்லேன்னா இவ வண்டி ஓட்டலாமா?"

"ஓட்டலாம்மா."

என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித் தன் பெயரைத் தானே அடித்தார். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

"என்னை அடிக்க எனக்கு மட்டுந்தான் உரிமை. ஆனா ஒண்ணு, அந்தக் காப்பகத்து ஃபார்ம்ல எங்கயாச்சும் நான் இருக்கணும். இல்லேன்னா நடக்கிறதே வேற."

"பிள்ளைய யார் கூட்டிட்டு வரலாம்னு ஒரு கட்டம் இருக்கும்மா."

"அதுல மொதப் பேரு?"

"உங்க பேருதான் அண்ணி!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செராஃபினா கணினியைத் தட்டிப் பார்த்து, "கிடைச்சிருச்சு" என்றாள். இரண்டு நாற்பத்தைந்துக்குக் காப்பகத்துக்கு போன் போட்டேன்.

திங்கள் காலை ஏழு பன்னிரண்டு. எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் கதவைத் திறந்தேன். அண்ணி நின்றிருந்தார், கையில் லூப்பே. மதிய ஷிப்டுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகும்போது மரியாதைக்காக எங்கள் ஆட்கள் கட்டும் பின்னல் பாயை இடுப்பில் சுற்றி வந்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்களிடம் ஒருவர் விடாமல், "ஓட்டுறது எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"பல்லைக் காட்டினது போதும்டி, வண்டிய எடு. பிள்ளைக்கு நேரமாச்சு."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அண்ணி சொன்னதை நான் முணுமுணுக்காமல் செய்தது அன்றைக்குத்தான்.