கோரை நுனியில் ஒரு தட்டான்

…ஆண்தான், சந்தேகமே வேண்டாம், இந்த வாய்க்கால் வளைவில் கோரை நுனியைப் பிடித்துக்கொண்டு காவல் காப்பது சிவப்புத் தட்டானில் ஆண்தான், எத்தனை தடவை விரட்டினாலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே நுனிக்கே திரும்பி வரும், பெண் அது பாட்டுக்கு எங்காவது புதர்ப்பக்கம் இருக்கும்… "சிவப்புத் தட்டான், ஆண்," என்றார் அவர், கொஞ்சம் மிடுக்காகவே. "ஆமா," என்றாள் மனைவி. அப்பாடா. பார்த்துவிட்டா சொன்னார்? நேராகப் பார்த்தால் நுனியும் இல்லை, தட்டானும் இல்லை, கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டதுபோல நட்டநடுவில் ஒரு மங்கல், துடைத்துத் துடைத்துச் சட்டை நுனிதான் அழுக்கானது, ஓரத்தில் மட்டும் சிவப்பாக ஏதோ மினுக்கியது, அது போதாதா, பழகிய இடம், பழகிய பூச்சி, இதில் என்ன திருட்டுத்தனம்? அந்துப்பூச்சி விஷயத்தில் அந்தக் கவலையே கிடையாது, பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பு, அதைத் தவறவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது, நல்லா இருக்கட்டும் அந்துப்பூச்சி!

ஆனால் போன வாரம் ஊசித்தட்டானைப் போய்த் தட்டான் என்றாரே… இறக்கையை விரித்து உட்கார்ந்தால் தட்டான், மடக்கிக்கொண்டால் ஊசித்தட்டான், பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் விஷயமே அதுதான், அதனால்தானே டிரைவர் மாமாவாக இருந்தவர் பூச்சி மாமா ஆனார். அது எழும்பித் தத்தித் தத்திப் பறந்தபோதுதான் அவருக்கே உறைத்தது. அன்றைக்கும் இவள் ஆமா என்றாள், பாவம், இவளுக்கு எங்கே வித்தியாசம் தெரியப்போகிறது… லீவுக்கு முந்தின நாள் பேருந்தில் ஆயா "ஐயோ, பாப்பா!" என்று அலறினாள், அவர் பிரேக்கை மிதித்தார், பம்பருக்கு முன்னால் ஒரு புத்தகப்பை, அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பெண், ஒன்றும் ஆகவில்லை, சத்தியமாக ஒன்றும் ஆகவில்லை. எதிர்வெயில் என்றார் எல்லோரிடமும். எதிர்வெயில்தானே? மூட்டம் போட்டிருந்ததோ அன்றைக்கு? டாக்டரிடம் போனால் அவர் என்ன சொல்வார் என்று தெரியாதா, தெரிந்ததைக் கேட்க எதற்குப் போகணும், வண்டியை விட்டால் நான் யார், வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்கிறவன், அதையும் ஓரக்கண்ணால்…

"ஏங்க, அந்தத் தனிக் கோரையில என்ன உக்காந்திருக்கு, பாருங்க." எந்தக் கோரை, அவள் கை போகும் திசையில் மங்கல்தான், தலையைச் சற்றுத் திருப்பினார், ஒரு பச்சைக் கோடு, அதன் மேல்… நீலமாக இருக்கலாம், கலங்கல் தண்ணீரோரம் நீலம்தான் வரும், "நீலத் தட்டான். நல்லா வளர்ந்தது," என்றார். ஆமா வரவில்லை. என்ன, பச்சையா, மஞ்சளா, சொல்லித் தொலையேன்…

"அங்க ஒண்ணுமே இல்லைங்க."

பறந்து போயிருக்கும் என்று சொல்ல வாய் திறந்தார். கோபமும் வந்தது, கட்டின புருஷனையே பரீட்சை பார்க்கிறாளா? "என்கிட்டயே வெளையாட்டுக் காட்டுறியா?" என்றார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்குது," என்றாள் அவள், அவ்வளவுதான், குரல் தழைந்திருந்தது. அப்படியானால் இவளுக்குத் தெரியும், ஊசித்தட்டானும் தெரியும், பொய்யான அத்தனை ஆமாவும் தெரிந்தே சொன்னது, இவ்வளவு நாள் தாங்கிக்கொண்டவளால் நாளைக்கு மட்டும் முடியவில்லை… ஏதாவது சொல்லலாம் என்று அவள் முகத்தை நேராகப் பார்த்தார், காது தெரிந்தது, தோள் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் அதே மங்கல். அழுகிறாளா? இன்றைக்குத்தானா, இல்லை, ஒவ்வொரு ஆமாவுக்கும் இப்படித்தான் எதிரில் நின்று அழுதுகொண்டிருந்தாளா?