கொடியேற்றத்துக்கு முன் ஒரு தாச்சி

பராசக்தி அன்ரி தாச்சியைக் கடை மேசையில் வைத்தார். உள்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்படி வைத்தார்.

"பார் பிள்ளை. உது இரண்டாவது."

கறுப்புப் பூச்சு பாதி போயிருந்தது. மிஞ்சிய இடமெல்லாம் கீறல்.

இணுவிலில் அந்தப் பாத்திரக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறு மாதம். கம்பஸில் இரசாயனவியல் படித்துவிட்டு அரசாங்க நியமனத்துக்குக் காத்திருந்தேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. பஸ்ஸில் இறக்கம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். ஆனால் யாராவது நொன்ஸ்ரிக் தாச்சியைக் கையில் எடுத்தால் எனக்கு வாய் திறந்துவிடும். அந்தப் பூச்சு என்ன, அதில் ஏன் ஒன்றும் ஒட்டுவதில்லை, எந்தச் சூட்டில் அது கெடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மணிக்கட்டு முறிந்த பிறகு இரும்புத் தோசைக்கல்லைத் தூக்க முடியவில்லை என்று பராசக்தி அன்ரி வந்தபோது, "இதை இரண்டு வருஷம் வடிவாய்ப் பாவிக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

"வெறும் தாச்சியை அடுப்பிலை காய விட்டனீங்களோ அன்ரி?"

"இல்லை."

"கரண்டி?"

"மர அகப்பை. நீ சொன்ன மாதிரி."

"சூட்டோடை தண்ணி ஊத்தினீங்களோ?"

"ஆறவிட்டு, நீ தந்த பஞ்சுத் துண்டாலைதான் கழுவுறன். இனி என்ன, தாலாட்டுப் பாடி நித்திரையாக்கவோ?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

முதலாளி சோமசேகரம் அண்ணை புதுத் தாச்சி ஒன்றை எடுத்து அன்ரியின் பையில் வைத்தார். அன்ரி போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நிவேதனா, உதுவும் திரும்பி வந்துதெண்டால் நீ இனிச் சனத்துக்கு விளக்கம் சொல்லவேண்டாம். பில்லை மட்டும் போடு. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

விளங்கியது. ஒரு நாளில் நான் வாய் திறக்கும் இடம் அது ஒன்றுதான்.

பழுதான தாச்சியை வீட்டுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். கரண்டிக் கீறல் என்றால் கோடாக ஓடும். இது வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. கைபிடி பூட்டிய ஆணியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அதைச் சுரண்டி மஞ்சள் கரைத்த தண்ணீரில் போட்டேன். ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தது. மஞ்சளைச் சிவப்பாக்கும் காரம் சாம்பலில் உண்டு. சாம்பல்தான்.

ஆனால் பராசக்தி அன்ரி பொய் சொல்கிற ஆள் இல்லை. சாம்பல் எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. மூன்று மாதம் அது மனதில் கிடந்தது.

ஆனி மாதம் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல்விளக்கக் கிணற்றடிக்குப் போனேன். அம்மா வீட்டுப் பாத்திரம் முழுவதையும் அங்கே பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் சிரட்டையில் சாம்பல், ஒரு உருண்டை பழப்புளி. தேங்காய்த் தும்பைப் பிடித்த அம்மாவின் கை ஒரு அலுமினியச் சட்டிக்குள் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முதல் அப்படித்தான். நான் பிறந்த நாள் முதல் பார்க்கிறேன்.

பராசக்தி அன்ரியின் முதல் தாச்சி கந்தசஷ்டி முடிந்த கிழமை திரும்பி வந்தது. இரண்டாவது தாச்சி வந்தது சிவராத்திரி முடிந்த கிழமை.

வாயைக் கொப்பளித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அன்ரியும் கிணற்றடியில்தான் இருந்தார். கழுவின பாத்திரங்கள் ஒரு பக்கம் மினுங்கின. கழுவாத பக்கத்தில் மேலாக இருந்தது மூன்றாவது தாச்சி. அவர் தும்பைச் சாம்பலில் தொட்டுக்கொண்டு அதை எடுத்தார்.

"அன்ரி, பொறுங்கோ."

என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற அவருடைய கணவர் ஏரம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"பஞ்சாலை கழுவுறன் எண்டுதானே அன்ரி சொன்னனீங்கள்?"

"ஓம், கழுவுறது பஞ்சாலைதான். இது கழுவுறதில்லைப் பிள்ளை, மீன் இறைச்சித் தீட்டுப் போக மச்சம் கழிக்கிறது. நேற்று உவர் இதிலை மீன் பொரிச்சவர். நாளைக்கு நான் இதிலை விரதத்துக்குத் தோசை சுடவேண்டாமோ?"

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே."

உண்மைதான். நான் கேட்டதெல்லாம் பெட்டிக்குள் வந்த தாளில் இருந்த கேள்விகள். எங்கள் வீட்டுக் கிணற்றடியை நான் நினைக்கவே இல்லை.

"அன்ரி, தோசை ஒட்டாது எண்டுதானே இதை வாங்கினீங்கள்?"

"ஓம்."

"தோசையே ஒட்டாத தாச்சியிலை மச்சம் எங்கை போய் ஒட்டும்? மண்சட்டி எண்ணெயைக் குடிக்கும். இது குடிக்காது. எல்லாம் மேலைதான் நிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணியும் சவர்க்காரமும் காணும். சாம்பல் போட்டுத் தேய்ச்சால் பூச்சிலை கீறல் விழும். பிறகு அந்தக் கீறலுக்குள்ளைதான் மச்சம் போய் இருக்கும். நீங்கள் கழிக்க வெளிக்கிட்டு அதுக்கு இருக்க இடம் குடுக்கிறீங்கள்."

அன்ரி தும்பைக் கீழே வைக்கவில்லை.

"வாய் நல்லாய்த்தான் இருக்கு. நீயும் சைவக்காரப் பிள்ளை. நீ சொல்லுற மாதிரிக் கழுவி இதிலை தோசை சுட்டுத் தந்தால், இப்ப சாப்பிடுவியோ?"

எங்கள் வீட்டில் கொடியேற்றத்துக்கு முதல் நாளே மச்சம் விட்டுவிடுவோம். அன்ரிக்கும் அது தெரியும். சாம்பல் கையோடு இருந்த அம்மாவை நினைத்தேன். அந்தப் பூச்சையும் நினைத்தேன். அதைப் பற்றி நான் இதுவரை சொன்னதில் ஒன்றும் பிழையில்லை.

"சாப்பிடுவன்."

"கம்பஸ் படிப்பு இண்டைக்குத் தோசையிலை தெரியப்போகுது" என்றார் ஏரம்பு அங்கிள்.

அன்ரி தண்ணீரைச் சூடாக்கிச் சவர்க்காரம் போட்டுப் பஞ்சால் இரண்டு தரம் கழுவினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தாச்சியை மணந்து பார்த்தார். கணவரின் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"பொரிச்ச எனக்கே மீன் மணக்கேல்லை" என்றார் அவர்.

அன்ரி அத்தோடு விடவில்லை. மஞ்சள் தண்ணீர் கரைத்து மூன்று தரம் தெளித்தார். நான் தடுக்கவில்லை. மஞ்சளால் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு தாச்சியை அடுப்பில் மெல்லிய நெருப்பில் வைத்து மா வார்த்தார். வெந்ததும் தாச்சியைச் சற்றுச் சரித்தார். தோசை தானாக வழுக்கி என் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. சம்பலோடு சாப்பிட்டேன். இரண்டாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்ரி நான் மெல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய்த் தும்பில் இருந்த சாம்பலை உதறினார்.

"இனி வேறை ஏதும் கேக்க மறந்திருந்தால் இப்பவே கேள்" என்றார்.

கடைசி நாள் தீர்த்தத் திருவிழாவும் முடிந்த கிழமை பராசக்தி அன்ரி கடைக்கு வந்தார். கையில் பை. பையின் வடிவத்தைப் பார்த்ததும் சோமசேகரம் அண்ணை பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

அன்ரி தாச்சியை எடுத்து மின்குமிழுக்கு நேரே பிடித்தார். ஒரு கீறல் இல்லை.

"என்ன அக்கா, மாத்தவோ?" என்று அண்ணை மெதுவாகக் கேட்டார்.

"மாத்த இல்லை, காட்ட வந்தனான். இந்தத் திருவிழா முழுக்க இதிலைதான் சமைச்சனான்." அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவர்களிடம் திரும்பினார். "நான் சொன்ன பிள்ளை உவதான். எங்கடை கிணத்தடிக்கே வந்து விளக்கம் சொன்னவ."

அண்ணை பில் புத்தகத்தை என் முன்னால் இருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நான் பில் போடுறன்" என்றார். "நீ கதை."

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அடுக்குத் தட்டிலிருந்து ஒரு தாச்சியை எடுத்து அந்தப் பெண்களின் முன்னால் வைத்தேன். இந்த முறை அடுப்பையும் கரண்டியையும் பற்றிப் பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டேன்.

"முதலிலை இதைச் சொல்லுங்கோ" என்றேன். "உங்கடை வீட்டிலை மச்சம் கழிக்கிறது எப்பிடி?"