நூற்றியெண்பது கிலோ ஈயம்

"அது எங்க, மாமா?"

"எது கண்ணு?"

"அடியில இருந்தது."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. வேங்கிக்காலில் பலராமனின் கல்யாண மண்டப வாசல். டிராக்டர் டிரெய்லரின் மேல் மதிவதனியின் பாய்மரப் படகு சாமந்தி மாலைகளுக்கு நடுவே தட்டையாக உட்கார்ந்திருந்தது. தட்டையாக உட்காரக்கூடிய படகே இல்லை அது. வியாழக்கிழமை சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது ஆளுயர இரும்புச் சட்டத்தில், அடியில் மூன்றடி ஆழத்துக்குக் கீல் என்னும் அடிக்கட்டை தொங்க, நிமிர்ந்து நின்றது. இப்போது சட்டமும் இல்லை, கீலும் இல்லை. பாய்க்குப் பதிலாக, பலராமன் கைகூப்பிச் சிரிக்கும் ஃபிளெக்ஸ்.

"முதல்ல மொத்தமா பாரு கண்ணு. எவ்ளோ அம்சமா இருக்குது! நாலு மாட வீதியும் சுத்தி வரப்போற. ஜரிகைப் புடவை கட்டிகினு வரச் சொன்னேனே, இன்னா பேன்ட்டுல வந்துட்ட?"

"கீல் எங்க, மாமா?"

"கரண்டு கம்பி இருக்குது இல்ல? டிரெய்லர் ஒரு உயரம், அந்த ஸ்டாண்டு ஒரு உயரம், அதுக்கு மேல பாய்மரம். எப்படித் திரும்பறது? தேருன்னா கரண்ட்ட நிறுத்துவான். நமக்கு நிறுத்துவானா?"

"அதனால?"

"அதனால அடியில நீட்டிகினு இருந்ததை எடுத்துட்டோம்."

"கழட்டுனீங்களா, அறுத்தீங்களா?"

பலராமன் டிரெய்லர் டயருக்குப் பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார். வெல்டிங் பட்டறை சின்னசாமி. அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அறுத்தேன் பாப்பா," என்றான் சின்னசாமி.

"எதால?"

"கட்டிங் மிஷின்ல."

"எந்த எடத்துல?"

"படகு வயித்தோட அது சேர்ற எடத்துல."

"உள்ள நாலு போல்ட் இருக்குது. நான் உக்கார்ற பலகையைத் தூக்கினா கண்ணுக்கு முன்னாடி தெரியும். ஸ்பானர் போட்டிருந்தா அரை மணி நேரத்துல கழண்டு வந்திருக்கும்."

"எனக்கு எப்படித் தெரியும் பாப்பா? மூணு வாட்டி கேட்டேன், பொண்ணுக்கு ஒரு ஃபோன் போடலாமான்னு. அண்ணன்தான்…"

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"'அவளுக்கு சர்ப்ரைஸ்டா, நீ அறு'ன்னாரு."

மதிவதனி சக்கர நாற்காலியை டிரெய்லருக்கு ஒட்டித் தள்ளிக்கொண்டு போய், கையை நீட்டிப் படகின் அடியைத் தடவினாள். ஃபைபர் பிசிறு பிசிறாக நின்றது. விரலில் குத்தியது. ஐந்து வருடம் முன்பு செங்கம் ரோட்டில் லாரி தட்டிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. அதற்கு மேலே எல்லாமே தெரியும்.

"மாமா, அது முட்டுக்கட்டை இல்ல. ஈயம். நூத்தி எண்பது கிலோ. காத்து பாயைத் தள்ளும்போது படகு கவுந்துடாம பிடிச்சிக்கறது அதுதான். காலு இருக்கறவன், படகு சாஞ்சா எகிறி அந்தப் பக்கம் உக்காருவான். நான் எகிற முடியாது. எனக்குப் பதிலா அது கீழ தொங்குது."

"சரி கண்ணு, ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கி நீ தண்ணியிலயா போற? ரோட்டுலதான போற?"

பேண்ட் செட்டில் யாரோ சிரித்தார்கள். மதிவதனி சிரித்தவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டிரம்முக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"அடுத்த சனிக்கிழமை சென்னையில செலக்‌ஷன் ரேஸ்," என்றாள். "தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியாமயா? ஃபிளெக்ஸ்லயே போட்டிருக்கேனே. 'உலகை வெல்லப் போகும் எங்கள் வீட்டு வீராங்கனை.'"

"ஒன்பது படகு. மொத ரெண்டு பேரு மட்டும் வெளிநாட்டுப் போட்டிக்குப் போவாங்க. மூணு வருஷமா இதுக்குத்தான் மாசம் ரெண்டு தடவை பஸ்ல என்னைத் தூக்கி ஏத்தி, தூக்கி இறக்கி, சென்னைக்குப் போயிட்டு வரேன். நம்ம பக்கம் ஏரி ரொம்பி இருக்குது, ஒரு வாரம் கீழ்பென்னாத்தூர் பக்கம் பழகிக்கிறேன்னு படகு கிளப்புல கெஞ்சி வாங்கிட்டு வந்த படகு இது. என் படகு கூட இல்ல. நாளையிலருந்து லீவு போட்டிருக்கேன்."

"லீவு வேஸ்ட் ஆகாது. இவன் கிட்ட சொன்னா திருப்பி ஒட்டித் தந்துடுவான். ஏய் சின்னசாமி?"

"ஈயத்தையும் ஃபைபரையும் நான் எப்படிண்ணே ஒட்டறது?"

"வாயை மூடுறா."

மதிவதனி ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சென்னை கிளப்பில் படகு பழுதுபார்க்கும் அன்பரசன். அவள் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். திட்டறதுக்கு வார்த்தை தேடிட்டு இருந்தேன். யாரு பண்ணது?"

"எங்க மாமா."

"நல்லா இருக்கட்டும். இங்க பாருங்க மதிவதனி, இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள படகும் ஈயமும் என் கைக்கு வரணும். ராத்திரியே ரெசின் பசை போட்டாதான் மூணு நாள் காயும். அப்புறம் போல்ட் மாத்தணும், எடை பாக்கணும். நாளைக்குக் காலையில கொண்டாந்தீங்கன்னா நான் கையே வெக்க மாட்டேன். ஈரத்தோட தண்ணியில விட்டு, நடுவுல கழண்டுச்சின்னா நீங்கதான் உள்ள இருப்பீங்க."

"இன்னிக்கு வந்தா நேராயிடுமா?"

"மிதக்கும். நேரா போவுமான்னு கேக்காதீங்க."

அவள் ஃபோனை மடியில் வைத்தாள். "கேட்டீங்களா மாமா? வேன் ஒண்ணு சொல்லுங்க. இப்பவே ஏத்தணும்."

"சாயங்காலம்தான கேட்டாரு? பத்து மணிக்கு ஊர்வலம் கெளம்புது. ஒரு மணிக்கு முடிஞ்சிடும். சாப்ட்டுட்டு ஏத்திடலாம்."

"ஒரு மணிக்குன்னு ஆரம்பிச்சா மூணாவும். நாலு மணி நேர ரோடு. இப்பவே."

"சிறப்பு விருந்தினர் பாதி தூரம் வந்துட்டாருடி! அவருகிட்ட இன்னான்னு சொல்றது?"

"அறுத்துட்டேன்னு சொல்லுங்க."

அதுவரை மண்டபப் படியில் நின்றிருந்த அம்மா திரௌபதி இறங்கி வந்தாள். தட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள்.

"வதனி, ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வந்துடேன். ஆசையா செஞ்சிட்டான். தெரியாம நடந்துபோச்சு."

"தெரியாமன்னா கேட்டிருக்கணும்மா. மூணு நாளா படகு இங்கதான் நிக்குது, நான் ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கேன், கையில ஃபோன் இருக்குது. வெல்டருக்குத் தோணுது என்னைக் கேக்கணும்னு. இவருக்குத் தோணல. ஏன் தோணல?"

"சத்தம் போடாதடி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கறதுக்குத்தான கூட்டியாந்திருக்காரு."

பலராமனுக்கு முகம் கறுத்துவிட்டது. "இந்த ஊர்ல ஒருத்தனுக்கு உன்னைத் தெரியுமா? நான்தான் பேப்பர்ல போட வெச்சேன். நடக்க முடியாத பொண்ணு நாலு பேருக்கு முன்னாடி ராணி மாதிரி போவணும்னு பாத்தேன். அதுக்கு இதுவா மரியாதை?"

"நான் ராணி மாதிரி போவறதுக்கு அந்தப் படகுக்குள்ள ஏறல மாமா. தண்ணிக்குள்ள போயிட்டா என் பின்னாடி யாரும் வர முடியாது. அதுக்குத்தான் ஏறுனேன்."

"போதும். அப்புறம் பேசலாம். விருந்தினர் கார் வர நேரம், வழியில நிக்காத."

சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியின் பின்னால் போய் இரண்டு பிடியையும் பிடித்துத் தள்ளினார்.

அவள் பிரேக்கைப் போட்டாள். அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் தள்ளினார். முன்சக்கரம் ஜல்லியில் மாட்டி, நாற்காலி முன்பக்கம் சாய்ந்தது. மதிவதனி இரண்டு கையாலும் டிரெய்லர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மடியிலிருந்த ஃபோன் தெறித்து விழுந்தது.

பேண்ட் செட், டிராக்டர்காரன், சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கையை எடு," என்றாள் மதிவதனி.

"கண்ணு, நான் மெதுவாத்தான்…"

"கையை எடு மாமா. என்னைக் கேக்காம படகை அறுத்த. என்னைக் கேக்காம என்னைத் தள்ற. எடு."

திரௌபதி ஆரத்தித் தட்டைத் தரையில் வைத்தாள். "டேய்," என்றாள் தம்பியைப் பார்த்து. அவ்வளவுதான் சொன்னாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

மதிவதனி நாற்காலியை நிமிர்த்திக்கொண்டு நேராக மைக் ஸ்டாண்டுக்குப் போனாள். வரவேற்புரைக்காக அது தயாராக இருந்தது. அவள் உயரத்துக்கு வரவில்லை. தண்டைப் பிடித்துச் சாய்த்து மைக்கை உருவிக் கையில் எடுத்தாள். ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது.

"எல்லாருக்கும் வணக்கம். ஊர்வலம் கிடையாது. இந்தப் படகு உடைஞ்சிருக்குது. எங்க மாமா உடைச்சாரு. இன்னிக்கே சென்னைக்குப் போனாதான் நான் சனிக்கிழமை ரேஸ் ஓட்ட முடியும். எனக்கு ஒரு வேனும், எட்டு ஆளும் வேணும். கை தட்டறவங்க வேணாம். தூக்கறவங்க வாங்க."

பேண்ட் மாஸ்டர் டிரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் சிரித்தவனும் வந்தான். டிராக்டர்காரன், பந்தல் போட்ட நாலு பேர், கையில் மாவோடு ஒரு சமையல்காரர். சின்னசாமி தன் மச்சானின் வேனுக்கு ஃபோன் போட்டான்.

பட்டறைக்குப் பின்னால் சாக்கு மூடிக் கிடந்தது கீல். எட்டுப் பேரும் கை கொடுத்துத் தூக்கியதும் ஆளாளுக்கு மூச்சு முட்டிற்று.

"யப்பா, குட்டியா இருக்குதேன்னு பாத்தேன். இன்னா வெயிட்டு!"

"இதைத் தூக்கிகினா தண்ணியில போவுது அந்தப் பொண்ணு?"

"பேச்சு அப்புறம்," என்றாள் மதிவதனி. "வாலுப் பக்கம் தாழ விடாதீங்க. தரையில மோதக் கூடாது. மெத்தை மேல வெயுங்க. கீழ இல்ல, மெத்தை மேல!"

பலராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். "நானும் ஒரு கை புடிக்கறேன்."

"வேணாம். நீங்க விருந்தினருக்கு ஃபோன் பண்ணுங்க."

அவர் ஓரமாகப் போய் ஃபோனில் பேசினார். "அண்ணே, வணக்கம்ணே… பாப்பாவுக்குத் திடீர்னு உடம்பு முடியல…"

"மாமா!" வேனின் பக்கத்திலிருந்து கத்தினாள். "எனக்கு உடம்பு நல்லா இருக்குது!"

வேன் பதினொன்றே காலுக்குக் கிளம்பியது. அம்மா முன்சீட்டில் மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திண்டிவனம் தாண்டியது. அப்புறம் அம்மா, "உன் நாற்காலிப் பிடியைக் கழட்டிடலாமா?" என்றாள். "படியேறும்போது தேவைப்படும்மா," என்றாள் மகள். "யாரு புடிக்கணும்னு நான் சொல்றேன்."

அன்பரசன் நான்கு ராத்திரி அந்தப் படகோடுதான் படுத்தார். வெள்ளிக்கிழமை எடை பார்த்து, தண்ணீரில் விட்டு, அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு வாரப் பழக்கம் வேண்டிய இடத்தில் அரை மணி நேரம்.

"எப்படி இருக்குது?"

"வலப்பக்கம் காத்து வந்தா நல்லா போவுது. இடப்பக்கம்னா இழுக்குதுண்ணா."

"ஒரு நூல் கோணி இருக்கும். அறுத்த எடம் அப்படி. மறுபடி கழட்ட நேரமில்ல."

சனிக்கிழமை மூன்று ரேஸ். மடியில் எல்லாக் கயிறும், முழங்காலுக்கு நடுவில் சுக்கான் பிடி, கழுத்து வரை படகுக்குள் புதைந்து, தலை மட்டும் வெளியே. முதல் ரேஸில் இரண்டாவதாக வந்தாள். இரண்டாவது ரேஸிலும் அப்படியே. மூன்றாவதில் கடைசி மிதவையைச் சுற்றித் திரும்பியபோது காற்று இடப்பக்கம் மாறியது. படகு இழுத்தது. அவள் சுக்கானை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள், அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. மூன்று படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்தில் வந்து, தாண்டிப் போயின.

மொத்தத்தில் மூன்றாவது.

கரையில் அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்து, தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவின் ஃபோன் அடித்தது. அம்மா பெயரைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். மதிவதனி கையை நீட்டி வாங்கினாள்.

"கண்ணு! அக்கா மெசேஜ் போட்டா. ஒம்பது பேர்ல மூணாவது! பரவால்ல கண்ணு. உன் நெலமைக்குக் கலந்துகிட்டதே பெரிய வெற்றி. மூணாவதுன்னா வெண்கலந்தான? ஊருக்கு வா, நம்ம மண்டபத்துலயே ஒரு பாராட்டு விழா…"

"மாமா."

"சொல்லு கண்ணு."

"நான் தோத்துட்டேன்."

"சேச்சே, அப்படிச் சொல்லாத. யாரு சொன்னா தோத்துட்டன்னு?"

"நான் சொல்றேன். ரெண்டு பேரு போறாங்க, நான் போவல. ஒம்பது பேரும் காலோ கையோ வேலை செய்யாதவங்கதான். யாரும் எனக்கு விட்டுக் குடுக்கல. நானும் விட்டுக் குடுக்கல. ஓட்டித் தோத்தேன். அது என் தோல்வி. அதையும் புடுங்கி வெற்றின்னு மாலை போடாதீங்க."

"மனசு கஷ்டத்துல பேசற. நான் செஞ்சது தப்புதான், இல்லன்னு சொல்லல…"

"அதைத்தான் சொல்லணும். அதோட நிறுத்தணும். விழா வேணாம், ஃபிளெக்ஸ் வேணாம். யாராவது கேட்டா, அவ மூணாவது வந்தா, நான் அவ படகை அறுத்தேன்னு சொல்லுங்க. ரெண்டையும் சேத்து சொல்லுங்க. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணு சொன்னீங்கன்னு காதுல விழுந்துச்சின்னா, அந்த மைக்கை மறுபடியும் எடுப்பேன்."

அவள் வைத்துவிட்டாள்.

அம்மா துண்டைப் பிழிந்தபடி நின்றாள். "இவ்ளோ கோவம் ஆவாதுடி."

"எதுக்கும்மா ஆவாது?"

அம்மா துண்டை உதறி மடித்தாள்.

மதிவதனி சக்கரத்தைத் திருப்பினாள். பழுது பார்க்கும் மேடையில் படகை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்து, அன்பரசன் அடியில் நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ கோணிருக்குதுண்ணா?"

"நாலு மில்லி."

"கழட்டுங்க," என்றாள். "பலகையைத் தூக்குங்க, ஸ்பானர் நான் புடிக்கறேன்."